‘வரலாற்றில் இன்று’ பட்டியலைப் பிழையில்லாமல் தயாரிப்பது எப்படி? டிசம்பர் 11-ஐ வைத்து ஒரு முழு வழிகாட்டி

பள்ளிக் காலை வழிபாடு, நூலக அறிவிப்புப் பலகை, சிற்றிதழின் கடைசிப் பக்கம், உள்ளூர் வானொலி என எங்கே பார்த்தாலும் ‘வரலாற்றில் இன்று’ இருக்கிறது. அதில் பாதிக்குப் பாதி வாட்ஸ்அப்பில் வந்ததை அப்படியே எடுத்துப் போட்டதாக இருக்கும். பிழை எங்கிருந்து வருகிறது என்று தேடினால் பெரும்பாலும் ஒரே இடத்தில்தான் போய் நிற்கும். தேதி என்றால் வெறும் எண் என்று நினைத்துவிடுகிறோம். எந்த ஊர்த் தேதி, எந்த நாட்காட்டித் தேதி, எந்தச் செயலின் தேதி என்ற மூன்று கேள்விகளையும் கேட்காமல் பட்டியலில் ஏற்றிவிடுகிறோம்.

செய்முறையைக் காட்ட டிசம்பர் 11 வசதியான நாள். பாரதியார் பிறந்த நாள் என்பதால் தமிழ்நாட்டில் எப்படியும் பட்டியல் போட வேண்டியிருக்கும். அதோடு, ஒரு தேதியில் என்னென்ன சிக்கல் வருமோ அத்தனையும் இந்த ஒரே நாளில் இருக்கின்றன.

முதல் வேலை: அளவு

தகவல் தேடும் முன் இடத்தை அளந்துகொள்ளுங்கள். காலை வழிபாட்டில் கிடைப்பது ஒன்றரை நிமிடம். நிறுத்தி வாசித்தால் நிமிடத்துக்கு நூறு சொல்லைத் தாண்டாது. ஆக மொத்தம் 150 சொல், அதிகம் போனால் ஐந்து செய்தி. பலகை என்றால் நடந்துகொண்டே படிப்பார்கள், ஏழெட்டு வரிக்கு மேல் யாரும் நிற்க மாட்டார்கள். இதழ்ப் பக்கத்தில் பன்னிரண்டு வரை போகலாம். தேவைப்படுவதைப் போல மூன்று மடங்கு சேகரித்தால் போதும். அதற்கு மேல் குவித்தால் ஒன்றையும் சரிபார்க்க நேரம் இருக்காது, பிழை அங்கேதான் நுழையும்.

ஒரு செய்திக்கு ஒரு சீட்டு

அஞ்சலட்டை அளவில் ஒரு செய்திக்கு ஒரு சீட்டு. கணினியில் செய்பவர்களுக்கு ஒரு வரிசை. எழுத வேண்டியவை: ஆண்டு, கிழமை, யார் அல்லது என்ன, ஊர் (அன்றைய பெயரும் இன்றைய பெயரும்), அந்த ஊர் நேரம், எந்த நாட்காட்டி, அன்று நடந்த செயல் (பிறப்பா, கையெழுத்தா, நடைமுறைக்கு வந்ததா), முதல் ஆதாரம், இரண்டாம் ஆதாரம்.

இரண்டு ஆதாரம் என்றால் ஒன்றைப் பார்த்து இன்னொன்று எழுதாதவையாக இருக்க வேண்டும். ஒரே வாக்கியம், ஒரே எழுத்துப்பிழையோடு பத்து இணையதளத்தில் இருந்தாலும் அது ஒரே ஆதாரம்தான். சம்பந்தப்பட்ட நிறுவனத்தின் ஆவணம், மறுநாள் வந்த நாளிதழ், நூலகத்தில் இருக்கும் கலைக்களஞ்சியம், நல்ல வாழ்க்கை வரலாற்று நூல் ஆகியவற்றில் ஏதாவது இரண்டு ஒத்துப்போனால் சீட்டில் ஒரு டிக் போடலாம்.

நம்மூர்க்காரர்களின் பிறந்தநாளுக்கு ஒரு தனி எச்சரிக்கை. பள்ளியில் சேர்க்க வயது போதவில்லை என்று ஆசிரியரே ஒரு தேதியை எழுதிக்கொண்ட காலம் இருந்தது. அதனால் சான்றிதழில் ஒரு தேதி, வீட்டு ஜாதகத்தில் ஒரு தேதி என்று இருப்பது சகஜம். இரண்டும் மோதினால், அந்த மனிதர் தன் வாழ்நாளில் எதைக் கொண்டாடினாரோ அதைப் போடுங்கள், மற்றதைச் சீட்டின் பின்பக்கம் குறித்துவையுங்கள்.

கிழமைக் கணக்கு

ஆதாரத்தில் கிழமையும் கொடுத்திருந்தால் அரை நிமிடத்தில் தேதியைச் சோதித்துவிடலாம். ஆண்டின் கடைசி இரண்டு இலக்கத்தை எடுங்கள். அதை 4-ஆல் வகுத்து ஈவை மட்டும் கூட்டுங்கள். மாத எண்ணைக் கூட்டுங்கள். தேதியைக் கூட்டுங்கள். நூற்றாண்டு எண்ணைக் கூட்டுங்கள். மொத்தத்தை 7-ஆல் வகுத்த மீதிதான் கிழமை: 0 சனி, 1 ஞாயிறு, 2 திங்கள் என்று 6 வெள்ளி வரை.

ஜனவரி முதல் டிசம்பர் வரை மாத எண்கள்: 1, 4, 4, 0, 2, 5, 0, 3, 6, 1, 4, 6. நூற்றாண்டு எண்: 1800-களுக்கு 2, 1900-களுக்கு 0, 2000-களுக்கு 6. லீப் ஆண்டின் ஜனவரி, பிப்ரவரிக்கு மட்டும் மொத்தத்தில் ஒன்றைக் கழிக்க வேண்டும். இதை மறப்பவர்கள்தான் அதிகம்.

பாரதி பிறந்த 1882 டிசம்பர் 11-ஐப் போட்டுப் பார்ப்போம். 82, அதில் 4 போவது 20 முறை, டிசம்பருக்கு 6, தேதி 11, நூற்றாண்டுக்கு 2. மொத்தம் 121. ஏழால் வகுத்தால் மீதி 2, திங்கட்கிழமை. விஸ்வநாதன் ஆனந்த் பிறந்த 1969-க்கு: 69 + 17 + 6 + 11 + 0 = 103, மீதி 5, வியாழன். எம்.எஸ். சுப்புலட்சுமி மறைந்த 2004-க்கு: 4 + 1 + 6 + 11 + 6 = 28, மீதி 0, சனி.

ஆதாரத்தில் உள்ள கிழமை ஒத்துவரவில்லை என்றால் தேதி, மாதம், ஆண்டு, கிழமை நான்கில் ஏதோ ஒன்று தவறு. ஒத்துவந்தாலும் அது முழுச் சான்று ஆகிவிடாது. ஏழில் ஒரு வாய்ப்பு தற்செயலுக்கும் உண்டு.

ஊர் நேரம்: அதிகம் சறுக்கும் இடம்

சிதார் மேதை ரவிசங்கர் மறைந்தது 2012 டிசம்பர் 11. இந்தியாவில் பலர் 12 என்று எழுதுகிறார்கள். இரண்டும் ஒரே நொடியைத்தான் குறிக்கின்றன. அவர் மறைந்தது அமெரிக்காவின் சான் டியேகோவில், 11-ஆம் தேதி மாலையில். நமக்கு அப்போது 12-ஆம் தேதி காலை.

அப்போலோ 17-உம் இப்படித்தான். யூஜின் செர்னனும் ஹாரிசன் ஷ்மிட்டும் நிலவில் இறங்கியது 1972 டிசம்பர் 11, கிரீன்விச் நேரப்படி 19 மணி 55 நிமிடம். அதோடு ஐந்தரை மணி கூட்டினால் இந்திய நேரத்தில் 12-ஆம் தேதி அதிகாலை 1.25.

விதி எளிது: நடந்த இடத்தின் தேதியைப் போடுங்கள். விண்வெளி என்றால் கிரீன்விச் நேரத்தை எடுங்கள். பட்டியல் முழுக்க ஒரே விதியைப் பிடியுங்கள். ரவிசங்கருக்கு இந்தியத் தேதி, அப்போலோவுக்கு அமெரிக்கத் தேதி என்று கலந்துவிட்டால் பிறகு யாராலும் சீர் செய்ய முடியாது.

டிசம்பர் போன்ற குளிர்கால மாதங்களில், அமெரிக்க மேற்குக் கரையில் காலை 10.30-க்குப் பிறகு, கிழக்குக் கரையில் பகல் 1.30-க்குப் பிறகு, லண்டனில் மாலை 6.30-க்குப் பிறகு நடந்த எதற்கும் இந்தியத் தேதி ஒன்று கூடியிருக்கும். ஜப்பான் நேர்மாறு: அங்கே நள்ளிரவிலிருந்து 3.30 வரை நடந்தது நமக்கு முந்தைய தேதி. இந்த நான்கு நேரத்தையும் சீட்டுப் பெட்டியின் மூடியில் எழுதி ஒட்டிவைத்தால் நல்லது.

எந்தச் செயலின் தேதி?

பிரிட்டன் மன்னர் எட்டாம் எட்வர்டு முடி துறந்தது என்றைக்கு? கையெழுத்துப் போட்டது 1936 டிசம்பர் 10. நாடாளுமன்றச் சட்டத்துக்கு ஒப்புதல் கொடுத்து, மன்னர் பதவியை விட்டது 11. அன்று இரவுதான் வானொலியில் பேசினார். ஆனால் தென்னாப்பிரிக்கச் சட்டம் அவர் 10-ஆம் தேதியே விலகியதாகச் சொல்கிறது. அயர்லாந்துச் சட்டப்படி 12. ஒரே மனிதர் ஒரே பதவியை விட்டதற்கு மூன்று தேதி. பட்டியலில் ‘முடி துறந்தார்’ என்று மட்டும் எழுதினால் யாராவது ஒருவர் கை தூக்குவார். ‘முடிதுறப்புச் சட்டம் நடைமுறைக்கு வந்து ஆறாம் ஜார்ஜ் மன்னரானார்’ என்று எழுதினால் 11-ஐ யாரும் மறுக்க முடியாது.

ஒப்பந்தங்களுக்கும் இதே கவனம் வேண்டும். பசுமை இல்ல வாயுக்களைக் குறைக்கும் கியோட்டோ உடன்படிக்கை 1997 டிசம்பர் 11-இல் ஏற்கப்பட்டது. நடைமுறைக்கு வந்ததோ 2005 பிப்ரவரி 16. ‘கியோட்டோ உடன்படிக்கை அமலான நாள்’ என்று டிசம்பர் 11-இல் எழுதினால் ஏழு ஆண்டுக்கும் மேல் பிசகு. வினைச்சொல்லைச் சரியாகப் போட்டால் பாதிப் பிழை போய்விடும்: ஏற்கப்பட்டது, கையெழுத்தானது, நடைமுறைக்கு வந்தது, தொடங்கப்பட்டது, திறந்துவைக்கப்பட்டது. நம் பட்டியல்களில் இவை எல்லாவற்றுக்கும் ‘உருவானது’ என்ற ஒரே சொல்லைப் போட்டு முடித்துவிடும் வழக்கம் இருக்கிறது. அதை விட்டுவிடுவது நல்லது.

பழைய நாட்காட்டி, புதிய நாட்காட்டி

1582-இல் கத்தோலிக்க நாடுகள் கிரிகோரியன் நாட்காட்டிக்கு மாறின. பிரிட்டன் 1752-இல்தான் மாறியது, அந்த ஆண்டு செப்டம்பர் 2-க்கு மறுநாள் செப்டம்பர் 14. ரஷ்யா 1918 பிப்ரவரியில் மாறியது. பழைய ஜூலியன் தேதியோடு கூட்ட வேண்டிய நாட்கள்: 1700 பிப்ரவரி வரை 10, அங்கிருந்து 1800 பிப்ரவரி வரை 11, அதன்பின் 1900 பிப்ரவரி வரை 12, பிறகு 13.

டிசம்பர் 11-இல் இது இரண்டு பக்கமும் கடிக்கும். இங்கிலாந்து மன்னர் இரண்டாம் ஜேம்ஸ் அரச முத்திரையைத் தேம்ஸ் ஆற்றில் எறிந்துவிட்டு லண்டனை விட்டு ஓடியது 1688 டிசம்பர் 11. ஆனால் அது பழைய கணக்கு. புதிய கணக்கில் டிசம்பர் 21. சுவீடன் மன்னர் பன்னிரண்டாம் சார்லஸ் நார்வேயில் ஒரு கோட்டை முற்றுகையில் சுடப்பட்டு இறந்தது பழைய கணக்கில் 1718 நவம்பர் 30, புதிய கணக்கில் டிசம்பர் 11. இணையப் பட்டியல்களில் இருவரையும் ஒரே நாளில் பார்க்கலாம். ஒரே விதியின்படி இருவரும் ஒன்றாக நிற்க முடியாது. அந்தந்த நாடு அன்று பயன்படுத்திய தேதி என்று வைத்தால் ஜேம்ஸ் இருப்பார், சார்லஸ் போவார். எல்லாவற்றையும் புதிய கணக்குக்கு மாற்றினால் நேர்மாறு. இரண்டில் எதை எடுத்தாலும் சரி, சீட்டில் ‘பழைய’ என்றோ ‘புதிய’ என்றோ எழுதாமல் விடாதீர்கள்.

ரஷ்யர்கள் வந்தால் ஆண்டைப் பாருங்கள். மார்க்சியச் சிந்தனையாளர் பிளெகானவ் பிறந்தது 1856, பழைய கணக்கில் நவம்பர் 29. பன்னிரண்டு நாள் கூட்டினால் டிசம்பர் 11. எழுத்தாளர் சோல்செனித்சின் பிறந்தது 1918 டிசம்பர் 11, ரஷ்யா மாறி பத்து மாதம் ஆனபின். ‘ரஷ்யராயிற்றே’ என்று இவருக்கும் 13 நாள் கூட்டினால் தவறு.

பஞ்சாங்கத் தேதி

பாரதி பிறந்தது சித்திரபானு ஆண்டு கார்த்திகை 27, மூல நட்சத்திரம். ‘கார்த்திகை 27’ என்று மட்டும் தெரிந்து இன்றைய நாட்காட்டியில் பார்ப்பவருக்கு டிசம்பர் 12 அல்லது 13 கிடைக்கும். பஞ்சாங்கம் பொய் சொல்லவில்லை. நம் சூரிய ஆண்டு ஆங்கில ஆண்டைவிட இருபது நிமிடத்துக்குச் சற்று அதிகம் நீளம். நூற்றி நாற்பது ஆண்டில் அது இரண்டு நாள் அளவுக்குச் சேர்ந்துவிடுகிறது. ஆகவே தமிழ்த் தேதியை ஆங்கிலத் தேதியாக்க அந்தந்த ஆண்டின் பஞ்சாங்கத்தைத்தான் பார்க்க வேண்டும், இந்த ஆண்டுக் காலண்டரை அல்ல.

சீட்டுகளைத் தேதிக்கு ஓர் உறை என்று பிரித்து வைக்கும்போது, தமிழ்த் தேதியிலும் நட்சத்திரத்திலும் கொண்டாடப்படுபவற்றை ஆங்கிலத் தேதி உறையில் நிரந்தரமாகப் போட வேண்டாம். தை 2-ஆன திருவள்ளுவர் நாள் ஜனவரி 15-லும் வரும், 16-லும் வரும். ராஜராஜ சோழனின் ஐப்பசி சதயம் ஆண்டுக்கு ஆண்டு நகரும். இவற்றுக்குத் தனி உறை வைத்து, புதுக் காலண்டர் வந்ததும் உட்கார்ந்து தேதி பிரித்துக்கொள்ளலாம்.

நாள் எப்போது தொடங்குகிறது என்பதிலும் ஒரு முடிச்சு உண்டு. பாரதியின் நினைவு நாள் செப்டம்பர் 11-ஆ 12-ஆ என்று ஆண்டுதோறும் வாதம் வரும். அவர் உயிர் பிரிந்தது 1921 செப்டம்பர் 11 இரவு, நள்ளிரவு தாண்டியபின். பதிவேட்டு முறையில் அது 12. சூரிய உதயத்தில் நாளைத் தொடங்கும் நம் பழக்கத்தில் விடியும்வரை 11. தமிழ்நாடு அரசு செப்டம்பர் 11-ஐ மகாகவி நாள் என்று 2021-இல் அறிவித்தது. எழுதுவதானால் ‘செப்டம்பர் 11 நள்ளிரவுக்குப் பின்’ என்று எழுதிவிடுங்கள், இரண்டு தரப்பும் அடங்கும்.

எதை வைப்பது, எதைத் தள்ளுவது

இனிதான் சுவையான வேலை. ஆண்டு வரிசையில் அடுக்காமல் சீட்டுகளை மேசையில் பரப்பி, எது எதோடு பேசுகிறது என்று பாருங்கள்.

1882 டிசம்பர் 11, அதே திங்கட்கிழமை, எட்டயபுரத்தில் பாரதி பிறந்தபோது, அன்றைய ஜெர்மனியின் பிரெஸ்லாவ் நகரில் (இன்று போலந்தின் வ்ரோத்ஸ்வாஃப்) மாக்ஸ் போர்ன் பிறந்தார். குவாண்டம் இயக்கவியலுக்காக 1954-இல் நோபல் பரிசு பெற்றவர். ஹிட்லர் ஆட்சியில் வேலை இழந்தபின், சி.வி. ராமன் அழைத்து 1935–36-இல் பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் சில மாதங்கள் இருந்தார். பாரதி 38 வயதில் போய்விட்டார். போர்ன் 1970 வரை இருந்தார். இந்த ஒரு ஜோடி பத்துத் தனி வரிக்குச் சமம்.

1946-உம் இப்படித்தான். அந்த ஒரே டிசம்பர் 11-இல் டெல்லியில் அரசியல் நிர்ணய சபை ராஜேந்திர பிரசாத்தை நிரந்தரத் தலைவராகத் தேர்ந்தெடுத்தது. அமெரிக்காவில் ஐ.நா. பொதுச்சபை யுனிசெஃப்பைத் தொடங்கியது.

ஊர் பார்த்துத் தேர்ந்தெடுங்கள். நமக்கு ஆனந்தும் எம்.எஸ்.-உம் கட்டாயம். மருத்துவமனைப் பலகை என்றால் காசநோய்க் கிருமியைக் கண்டறிந்த ராபர்ட் கோக் (பிறப்பு 1843) முதலில் வரட்டும். இலக்கிய வட்டம் என்றால் கெய்ரோவில் 1911-இல் பிறந்த நகீப் மஹ்ஃபூஸ். 1816-இல் இண்டியானா அமெரிக்காவின் மாநிலமானதும் இதே நாள்தான், ஆனால் தமிழ்நாட்டுப் பள்ளியில் அதை யார் கேட்கப்போகிறார்கள்? தயங்காமல் தள்ளலாம்.

சர்வதேச நாட்களை ஒன்றோடு நிறுத்துங்கள். டிசம்பர் 11 ஐ.நா.வின் மலைகள் நாள், 2003 முதல்.

எழுதும்போது

பிறப்பையும் மறைவையும் ஒரே வரியில் கலக்காதீர்கள். ‘இன்றைய நாயகர்கள்: பாரதி, எம்.எஸ்., ஆனந்த்’ என்று ஒரு பலகை இருந்தால், எம்.எஸ்.-க்கும் அன்று பிறந்தநாள் என்றுதான் பிள்ளைகள் நினைப்பார்கள். அவர் பிறந்தது 1916 செப்டம்பர் 16.

எத்தனையாவது பிறந்தநாள் என்பதில் ஒன்று கூடிப்போவது மிகச் சாதாரணம். 2025-இலிருந்து 1882-ஐக் கழித்தால் 143. அது 143-ஆவது பிறந்தநாள். அன்று தொடங்குவது 144-ஆவது ஆண்டு. சுவரொட்டியில் ‘144-ஆவது பிறந்தநாள்’ என்று அடித்துவிட்டால் திருத்த முடியாது.

ஊர்ப்பெயரில் காலத்தைக் கவனியுங்கள். நடிகர் திலீப் குமார் 1922-இல் பெஷாவரில் பிறந்தார். ‘பாகிஸ்தானில் பிறந்தார்’ என்பது தவறு, அப்போது அந்த நாடே இல்லை. ‘இன்று பாகிஸ்தானில் உள்ள பெஷாவர்’ என்று எழுதலாம். ஆனந்த் பிறந்தபோது மயிலாடுதுறையை மக்கள் மாயவரம் என்றுதான் சொன்னார்கள்.

பழைய பட்டியலை மறுபடி எடுத்தால், வாழ்பவர் என்று எழுதிய ஒவ்வொரு பெயரையும் அச்சுக்கு முன் சோதியுங்கள். பிரணாப் முகர்ஜி (பிறப்பு 1935) 2020 ஆகஸ்டில் காலமானார், திலீப் குமார் 2021 ஜூலையில். ‘இன்று பிறந்தநாள் காணும்’ என்ற தொடர் பழைய கோப்புகளில் ஒளிந்திருக்கும். அதைத் தேடிப் பிடித்து, ஆனந்த் போன்று வாழ்பவர்களுக்கு மட்டும் விட்டுவையுங்கள்.

காலை வழிபாட்டுக்கு வாசிக்கும் வடிவம் இப்படி இருக்கலாம்:

“இன்று டிசம்பர் 11. 1882-இல் இதே நாள், ஒரு திங்கட்கிழமை, எட்டயபுரத்தில் சுப்பிரமணிய பாரதி பிறந்தார். அதே நாளில் ஜெர்மனியில் பிறந்த மாக்ஸ் போர்ன், பின்னாளில் இயற்பியலில் நோபல் பரிசு பெற்றார். 1946-இல் இதே நாளில் ராஜேந்திர பிரசாத் அரசியல் நிர்ணய சபையின் நிரந்தரத் தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். குழந்தைகளுக்கான யுனிசெஃப் அமைப்பும் அன்றுதான் தொடங்கியது. 1969-இல் மயிலாடுதுறையில் பிறந்த சதுரங்க வீரர் விஸ்வநாதன் ஆனந்துக்கு இன்று பிறந்தநாள். 1972-இல் கிரீன்விச் நேரப்படி இதே நாளில் அப்போலோ 17 நிலவில் இறங்கியது. 2004-இல் இதே நாளில் எம்.எஸ். சுப்புலட்சுமி சென்னையில் மறைந்தார்.”

எட்டு வாக்கியம், ஒரு நிமிடத்துக்குள் முடியும். ஐந்து செய்தி என்ற வரம்பைச் சற்று மீறியிருக்கிறது. நேரம் இழுத்தால் விட வேண்டியது அப்போலோ, எம்.எஸ். அல்ல.

பத்திரப்படுத்துதல்

366 உறை, பிப்ரவரி 29-க்கும் சேர்த்து. பயன்படுத்திய சீட்டின் மூலையில் அந்த ஆண்டை எழுதுங்கள், அடுத்த ஆண்டு அதே ஐந்தை மறுபடி போடாமல் இருக்கலாம். தள்ளிய சீட்டுகளை எறியாதீர்கள், தள்ளிய காரணத்தைப் பின்பக்கம் எழுதி அதே உறையில் வையுங்கள். இல்லாவிட்டால் அடுத்து வருபவர் இரண்டாம் ஜேம்ஸை மறுபடி கண்டுபிடித்து மறுபடி குழம்புவார். இரண்டு தேதிக்கு நடுவே நிற்பவற்றுக்கு முதன்மைச் சீட்டு ஒரு உறையில், பக்கத்து உறையில் ஒரு வரி. டிசம்பர் 12 உறையைத் திறந்தால், மேலேயே ‘ரவிசங்கர், அப்போலோ 17: 11-ஐப் பார்க்க’ என்று இருக்க வேண்டும்.